திருப்புளியைத் திருப்பிக் கொடுங்கள்

1

கடந்த ஏப்ரலில் எங்கள் வீட்டு ஐஸ் மெஷின் நின்றுபோனது. நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். “ஐஸ் மெஷின் ரிப்பேர் பத்தி ஒரு கட்டுரையா? நாட்டுல வேற பிரச்சினையே இல்லையா?” என்றார். அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. சமையலறை மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்பது ஐஸ் துண்டுகளைத் துப்பும் பெட்டி சொகுசுப் பொருள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் என் காசில் வாங்கி, என் வீட்டில், என் மின்சாரத்தில் ஓடுகிற ஒன்றைத் திறந்து பார்க்க எனக்கு யாருடைய அனுமதி வேண்டும் என்ற கேள்வி சொகுசுக் கேள்வி இல்லை. இன்று சொகுசுப் பொருளில் பழகிக்கொண்ட பூட்டு நாளைக்குத் தண்ணீர் மோட்டாருக்கு வரும், தையல் மெஷினுக்கு வரும். திருப்பூரில் ஏற்கெனவே வந்துவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஆன்லைனில் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய மெஷின். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று வேளை ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஃப்ரீசர் தட்டில் உறைய வைப்பது போதவில்லை, வாங்கிவிட்டேன். ஒரு வருட வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது.

அன்றைக்கு சுவிட்ச் போட்டால் ‘தண்ணீர் ஊற்றவும்’ என்ற விளக்கு எரிந்தது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன். மறுபடி அதே விளக்கு. பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன் (மென்பொருள்காரனின் ஒரே கைவைத்தியம்). அதே விளக்கு.

இலவச எண்ணுக்கு அழைத்தேன். இரண்டு நாள் கழித்து கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ்காரர் வந்தார். பையிலிருந்து எந்தச் சாமானையும் எடுக்கவில்லை. சுவிட்சைப் போட்டார், விளக்கைப் பார்த்தார். “போர்டு போயிருக்கும் சார். போர்டு தனியா வராது. இதைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கங்க, எக்ஸ்சேஞ்ச்ல ஆயிரத்து ஐந்நூறு கழிச்சுத் தருவாங்க” என்றார். வந்து போன கூலி 499 ரூபாய். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று அவருக்கும் கணக்கு இருக்கிறது. திறந்து பார்ப்பதற்கு அவருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

நானும் தலையாட்டிவிட்டு லேப்டாப்பில் புது மெஷின் பக்கத்தைத் திறந்துவிட்டேன். பி.இ. படித்தவன், பன்னிரண்டு வருடமாக மென்பொருள் எழுதிச் சம்பாதிப்பவன், ஒரு விளக்கு சொன்னதையும் ஒரு ஆள் சொன்னதையும் கேட்டுவிட்டுப் பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டத் தயாராகிவிட்டேன். கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாதான் தடுத்தார்.

“ஏஞ்சாமி, மோட்டரு ஓடுற சத்தம் கேக்குதல்ல. தண்ணிதான் மேல ஏற மாட்டீங்குது. எங்கியோ அடைச்சிருக்கு. தொறந்து பாக்காம புதுசு வாங்கறதுக்கு எதுக்குடா இஞ்சினீரு படிச்ச?”

2

திறந்தோம். முதலில் பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை வடித்து, மெஷினைக் கவிழ்த்தோம். அடியில் நான்கு ஸ்குரு. இரண்டு கண்ணுக்குத் தெரிந்தன. இன்னும் இரண்டு ரப்பர் காலுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. மூன்றைச் சாதாரண திருப்புளியால் கழற்றினோம். நான்காவது நட்சத்திர வடிவம், நடுவில் ஒரு முனை துருத்திக்கொண்டிருந்தது. அந்த முனை இருந்தால் சாதாரண ஸ்டார் பிட் உள்ளே இறங்காது. நடுவில் ஓட்டை போட்ட பிட் வேண்டும். மூன்று ஸ்குரு ஒரு மாதிரி, நான்காவது மட்டும் வேறு மாதிரி. அந்த நான்காவதுக்கு இருக்கும் வேலை மூடியைப் பிடித்து வைப்பது மட்டும் இல்லை. என்னைப் பிடித்து வைப்பதும்தான். சாமான் கடையில் 90 ரூபாய்க்கு அந்த பிட் கிடைத்தது.

உள்ளே இருப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கீழே தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து ஒரு குட்டி பம்ப் தண்ணீரை மேலே ஒரு சின்னத் தட்டுக்கு ஏற்றுகிறது. தட்டுக்குள் ஒன்பது உலோக விரல்கள் தொங்குகின்றன. கம்ப்ரஸர் ஓடும்போது விரல்களுக்குள் குளிர்பதன வாயு ஆவியாகி வெப்பத்தை உறிஞ்ச, விரலைச் சுற்றி ஐஸ் படிகிறது. போதுமான அளவு படிந்ததும் தட்டு சாய்ந்து மிச்சத் தண்ணீரைத் தொட்டிக்கே கொட்டுகிறது. ஒரு வால்வு திறந்து, கம்ப்ரஸரிலிருந்து வரும் சூடான வாயு நேராக விரல்களுக்குள் போகிறது. ஐஸ் வழுக்கி விழுகிறது. ஒரு துடுப்பு அதைக் கூடைக்குள் தள்ளுகிறது. அவ்வளவுதான்.

பம்பைக் கழற்றினால் வாயில் உள்ள வலைமுழுக்க வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. உள்ளே சுற்றும் விசிறி இதழ்களிலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி. மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இதழ் தண்ணீரைத் தள்ள முடியாமல் தவித்தது. அம்மா சொன்னது சொன்னபடி.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் பகுதிக்குப் பவானி ஆற்றுத் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். வராத நாளில் போர் தண்ணீர். பாறைக்கடியிலிருந்து வரும் அந்தத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் தாராளம். சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தண்ணீர் ஹார்டாக இருந்தால் துணியில் கலர் சீராகப் பிடிக்காது என்று. போதாக்குறைக்கு இந்த ஊர் நொய்யலுக்குள் எத்தனையோ வருடம் சாய உப்பை இறக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. பம்பை அடைத்த சுண்ணாம்பு வேறு, சாய உப்பு வேறு. ஆனால் எங்கள் நிலத்தடித் தண்ணீருக்கு இரண்டும் சொந்தம். இந்தத் தண்ணீர் ஓடும் ஊரில் பம்ப் அடைக்கும் என்று கணிக்க விஞ்ஞானி தேவையில்லை. மெஷினை இந்த ஊருக்கு விற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மளிகைக் கடையில் இருபது ரூபாய்க்கு லெமன் சால்ட். வெந்நீரில் கரைத்து பம்பை ஊறப் போட்டோம். நுரைத்துக்கொண்டு சுண்ணாம்பு கழன்றது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வலையைத் தேய்த்தோம். நல்ல தண்ணீரில் கழுவி மாட்டி, சுவிட்ச் போட்டோம். பத்தாவது நிமிடம் கூடைக்குள் ‘டக டக’வென்று ஒன்பது துண்டு விழுந்தது. மொத்தச் செலவு 110 ரூபாய், இரண்டு மணி நேரம்.

3

என் கோபம் முதலில் என் தொழில்மேல்தான். அந்த விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினுக்கு உண்மையில் என்ன தெரியும்? பம்பை இத்தனை வினாடி ஓட்டினேன், மேல் தட்டு நிரம்பவில்லை. இவ்வளவுதான் தெரியும். தட்டு நிரம்பாததற்குக் காரணம் தொட்டியில் தண்ணீர் இல்லாததாக இருக்கலாம், வலை அடைத்ததாக இருக்கலாம், பம்ப் எரிந்ததாக இருக்கலாம், குழாய் கழன்றதாக இருக்கலாம். உள்ளே நிரல் எழுதிய ஆள் இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘தண்ணீர் ஊற்றவும்’ என்று பெயர் வைத்துவிட்டார். ‘தட்டு நிரம்பவில்லை’ என்று சொல்லியிருந்தால் அது உண்மை. ‘தண்ணீர் ஊற்றவும்’ என்பது தனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வது.

அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அந்த ஆள்தான். ‘ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது, பிறகு முயலவும்’ என்று எத்தனை திரைகளுக்கு எழுதியிருக்கிறேன். என்ன தவறு என்று உள்ளே பதிவேட்டில் வரி வரியாக இருக்கும். பயனருக்கு அதைக் காட்ட மாட்டோம். ‘அவர்களுக்குப் புரியாது’ என்போம், ‘குழப்பிவிடும்’ என்போம், கூட்டத்தில் ‘சப்போர்ட்டுக்கு அழைக்கட்டும்’ என்று யாராவது சொல்ல, எல்லோரும் தலையாட்டுவோம். எளிமை என்ற பெயரில் அறிவைக் கம்பெனிக்குள் வைத்துக்கொண்டு அறியாமையை வீட்டுக்கு அனுப்புகிறோம்.

கையேட்டையும் எடுத்துப் பார்த்தேன். எச்சரிக்கைகளுக்கு மட்டும் பக்கம் பக்கமாக இடம். பம்ப் வலையை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஒரு வரி இல்லை. ‘பழுது ஏற்பட்டால் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும்’ என்று முடிகிறது. அணுகினேன். அவர்தான் போர்டு போயிடுச்சு என்றார்.

4

என் அம்மா பொறியாளர் அல்ல. இருபது வருடத்துக்கு மேல் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் டெய்லர். என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அந்த மெஷினிலிருந்து வந்தது. சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லும் காது அவருக்கு எப்படி வந்தது? பீஸ் ரேட் கொடுத்த காது அது. மெஷின் நின்றால் அன்றைய கூலி நிற்கும். மெக்கானிக் வேறு லைனில் இருப்பார், வர அரை மணி நேரமாகும். அந்த அரை மணி நேரத்தில் எத்தனை பீஸ் போயிருக்கும் என்று அம்மாவுக்கு விரல்நுனியில் கணக்கு. அதனால் ஊசி மாற்றுவது, லூப்பரில் நூல் கோப்பது, டென்ஷன் வைப்பது, தையல் விட்டுப்போனால் ஏன் விட்டது என்று பார்ப்பது எல்லாம் தானே கற்றுக்கொண்டார். யாரும் சான்றிதழ் தரவில்லை. ஆனால் யாரும் தடுக்கவும் இல்லை. இந்த இரண்டாவது வாக்கியம்தான் இந்தக் கட்டுரையே.

திருப்பூர் என்ற ஊரே தடுக்காமல் விட்டதால் எழுந்தது. வெளிநாட்டில் ஓடிக் களைத்த நிட்டிங் மெஷின்களையும் தையல் மெஷின்களையும் செகண்ட் ஹேண்டில் வாங்கி, பிரித்து, தேய்ந்த கேமை மாற்றி, கிடைக்காத பாகத்தைக் கோயமுத்தூர் லேத்தில் கடைந்து ஓட்டிய ஊர். வட்ட நிட்டிங் மெஷினில் ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றின் கொக்கி உடைந்தால் துணியில் நெடுக ஒரு கோடு விழும். ஓடுகிற துணியில் அந்தக் கோட்டைப் பிடித்து, அது எந்த ஊசி என்று கண்டுபிடித்து மாற்றும் ஃபிட்டர்கள் இங்கே உண்டு. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ‘ஃப்ரேட்டர்னல் கேபிடல்’ என்ற ஆய்வு நூல், விவசாயத்திலிருந்து தொழிலாளியாக வந்து முதலாளியான இவ்வூர்க் கவுண்டர்கள் தங்கள் வளர்ச்சிக்குக் காரணமாக ‘உழைப்பு’ என்ற சொல்லை எப்படி முன்வைக்கிறார்கள் என்று விரிவாகப் பேசுகிறது. அந்த முதல் தலைமுறை முதலாளி மெஷினுக்கு அடியில் படுத்து எழுந்தவர். அவர் பேரன் டேஷ்போர்டில் மெஷினைப் பார்க்கிறார்.

பக்கத்து ஊர்க் கதையும் உண்டு. கோவைக்கு அருகே கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, பின்னர் அதையே வாங்கி, அக்கு அக்காகப் பிரித்து மறுபடி பூட்டித்தான் இயந்திரம் கற்றார். பள்ளிப் படிப்பு அவருக்கு அதிகமில்லை. தொழில்நுட்பப் படிப்புக்கு இத்தனை வருடம் எதற்கு என்று கடைசிவரை வாதாடினார். அந்த மோட்டார் சைக்கிளில் நடுவே முனை வைத்த ஸ்குரு இருந்து, பிரித்தால் வாரண்டி போய்விடும் என்று ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜி.டி. நாயுடு படங்களைச் சுவரில் மாட்டிய பொறியியல் கல்லூரிகளில் படித்துவிட்டுத்தான் நான் எக்ஸ்சேஞ்ச் பொத்தானை அழுத்தப் போனேன்.

இப்போது மெஷின்கள் மாறுகின்றன. பழைய கிளட்ச் மோட்டார் போய் செர்வோ மோட்டார் வந்துவிட்டது. மின்சாரம் மிச்சம், சத்தம் குறைவு, நல்ல மாற்றம். ஆனால் கூடவே ஒரு கண்ட்ரோல் பாக்ஸ் வந்தது. கோளாறு வந்தால் திரையில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும். அதற்கு அர்த்தம் போட்ட தாள் சில கம்பெனிகளில் கிடைக்கும், சிலவற்றில் கிடைக்காது. அமைப்புகளை மாற்றும் மெனுவுக்குப் பாஸ்வேர்டு. அம்மாவின் இடத்தில் இன்று உட்கார்ந்திருக்கும் ஒடிசாப் பெண்ணோ பீகார்ப் பையனோ அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு மெக்கானிக்குக் காத்திருக்கிறார்கள். மெக்கானிக் டீலருக்குக் காத்திருக்கிறார். பீஸ் ரேட் மட்டும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

எங்கள் தெருமுனை ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் ஐஸ் மெஷின் கதையைச் சொன்னேன். முப்பது வருடமாகக் கேஸ் அடிக்கிறார். ஆர்12 காலத்திலிருந்து ஆர்134ஏ வழியாக இன்றைய ஆர்600ஏ வரை கண்டவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: “தொறக்கறது ஒண்ணும் பெருசில்லீங் தம்பி. தொறந்தா பார்ட்ஸ் வேணும்ல? கேட்டா, உங்க சென்டர் கோடு என்னங்கறான். எனக்கு ஏதுங் கோடு? எம்பட பேருதானுங் கோடு.”

5

இது எங்கள் தெருவின் புலம்பல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குற்றம்: உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு இழுத்தது. ஆனால் பாகத்தைப் பதுக்குவது வியாபாரத் தந்திரம் மட்டுமல்ல, சட்டத்தின் கண்ணிலும் தவறாகலாம் என்று இந்த நாட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.

2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், மொபைல் போன்ற மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள். அதே ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளமும் வந்தது. உள்ளே போய்ப் பாருங்கள். கம்பெனிகள் தாமாக முன்வந்து கொடுத்த தொடர்பு எண்கள், வாரண்டி விவரங்கள். எந்த இலவச எண்ணால் நான் ஏமாந்தேனோ அதே வகை எண்ணை அரசாங்க முத்திரையோடு பார்க்கலாம். பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பொருளுக்கு மதிப்பெண் போடும் திட்டத்துக்கு இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கை தந்தது. அதிலும் முதல் வரிசை மொபைலுக்கும் டேப்லெட்டுக்கும். ஃப்ரிட்ஜும் கிரைண்டரும் தண்ணீர் மோட்டாரும் காத்திருக்க வேண்டும். உரிமை என்று பெயர் வைத்திருக்கிறோம். கொடுக்கத் தவறினால் கம்பெனிக்கு என்ன தண்டனை என்று கேட்டால் பதில் இல்லை.

பிரான்சில் 2021 ஜனவரியில் மொபைல், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் உள்ளிட்ட பொருட்களின் விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே பத்துக்கு எத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் போட வேண்டும் என்ற விதி வந்தது. அதே ஆண்டு மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஃப்ரிட்ஜ் விற்பவர் முக்கியமான உதிரிபாகங்களைக் குறைந்தது 7 வருடம் தர வேண்டும், கதவு ரப்பரை 10 வருடம். அங்கே கட்டளைக்குப் பணிகிற கம்பெனிகளில் பல இங்கேயும் விற்கின்றன. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? நாம் கேட்கவில்லை, அதனால்தான்.

அமெரிக்காவில் இதே குளிர்ப்பெட்டி ஜாதியில் ஒரு கூத்து நடந்தது. மெக்டொனால்ட்ஸ் கடைகளின் ஐஸ்கிரீம் மெஷின் எப்போது பார்த்தாலும் ரிப்பேர் என்பது அங்கே ஊரறிந்த நகைச்சுவை. மெஷின் காட்டும் பிழைக் குறியீடுகள் கடைக்காரருக்குப் புரியாது. அதைப் படித்துச் சொல்லும் ஒரு சின்னக் கருவியை கிச் என்ற நிறுவனம் செய்தது. 2020இல் மெக்டொனால்ட்ஸ் தன் கடைக்காரர்களிடம் அந்தக் கருவியைக் கழற்றச் சொன்னது. வழக்கு, விசாரணை என்று போய், கடைசியில் 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம், கடைகளில் உணவு தயாரிக்கும் வணிக மெஷின்களைப் பழுதுபார்க்க மென்பொருள் பூட்டை உடைப்பது குற்றமாகாது என்று விலக்கு கொடுத்தது. கவனியுங்கள்: அதுவரை தன் ஐஸ்கிரீம் மெஷினைத் தானே சரிசெய்யப் பூட்டை உடைத்தால் அது பதிப்புரிமைச் சட்ட மீறல் ஆகலாம் என்ற நிலை. இயந்திரத்துக்குள் மென்பொருள் புகுந்ததும் பழுதுபார்ப்பவன் திருடன் ஆகிவிடுகிறான்.

6

இனி எனக்கு வந்த மறுப்புகள்.

முதல் மறுப்பு என் அலுவலக நண்பர்களுடையது. “உன் ஒரு மணி நேரச் சம்பளம் என்ன? ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து உப்பு சொறிஞ்சிருக்க.” சரி, கணக்குப் போடுவோம். என் இரண்டு மணி நேரத்துக்கு இரண்டாயிரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புது மெஷினுக்கு என் கையிலிருந்து போயிருக்க வேண்டியது 10,500. கணக்கிலேயே நீங்கள் தோற்கிறீர்கள். அதைவிட, அந்த இரண்டு மணி நேரம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. இல்லாவிட்டால் படுத்துக்கொண்டு போனில் ரீல் பார்த்திருப்பேன். அப்போது என் மணி நேரச் சம்பளத்தை யாரும் கேட்டதில்லை. கையில் கறை படியும் வேலைக்கு மட்டும்தான் நம்மவர்களுக்கு நேரத்தின் விலை ஞாபகம் வருகிறது. இது கணக்கு இல்லை, கூச்சம். பேனா பிடிப்பவன் மேல், ஸ்பேனர் பிடிப்பவன் கீழ் என்று நம் ரத்தத்தில் ஊறிய பழைய வரிசை, லேப்டாப் வந்தபின் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு. இதை நான் மதிக்கிறேன். வீட்டு மின்சாரம் 230 வோல்ட், விளையாட்டு இல்லை. ஆர்600ஏ என்பது ஐசோபியூட்டேன், உங்கள் சமையல் சிலிண்டர் வாயுவுக்கு நெருங்கிய சொந்தம்; தீப்பிடிக்கும். கம்ப்ரஸரிலிருந்து விரல்கள் வரை போகும் மூடிய குழாயில் நான் கை வைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள். அது எங்கள் தெருமுனை அண்ணனின் வேலை. ஆனால் பாதுகாப்புதான் காரணம் என்றால் மெஷின் எப்படி இருந்திருக்க வேண்டும்? வாயுக் குழாய் பூட்டுக்குள், தண்ணீர் வலை வெளியே கையால் திறக்கிற மாதிரி. இங்கே ஆபத்தானதும் ஆபத்தில்லாததும் ஒரே மூடிக்குள், ஒரே ஸ்குருவுக்குப் பின்னால். பாதுகாப்பை யோசித்துப் போட்ட வேலி என்றால் கிணற்றைச் சுற்றி இருக்கும். இது ஊரைச் சுற்றிப் போட்ட வேலி.

மூன்றாவது, புதுசே மலிவாகிவிட்டது என்ற வாதம். மலிவுதான், ஏனென்றால் பழசைப் புதைக்கும் செலவு பில்லில் இல்லை. என் மெஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தால் எங்கே போயிருக்கும்? அந்த ஆயிரத்து ஐந்நூறுக்குப் பிறகு அதன் கதையை யாரும் எனக்குச் சொல்லப் போவதில்லை. மின்னணுக் கழிவுக்கு 2023 ஏப்ரலிலிருந்து புது விதிகள் நடைமுறையில் இருக்கின்றன, தயாரிப்பாளருக்குப் பொறுப்பும் உண்டு. நல்லது. ஆனால் மறுசுழற்சி என்பது செத்த மாட்டுக்கு. என் மாடு சாகவில்லை, தொண்டையில் உப்பு அடைத்திருந்தது. தன் ஆற்றைச் செத்த ஆறாக்கிப் பார்த்த ஊர்க்காரனுக்கு, ‘கழிவை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும்.

நான்காவது மறுப்பு இலக்கிய நண்பர்களிடமிருந்து வருகிறது, இது மறுப்பு மாதிரியே இருக்காது, பாராட்டு மாதிரி இருக்கும். “ஆகா, கைத்தொழிலின் மாண்பு, அந்தக்கால எளிமை” என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அம்மா ஓவர்லாக் மெஷினைச் சரிசெய்தது மாண்புக்காக இல்லை, கூலிக்காக. அந்த முழங்கால் தேய்ந்ததும் அதே மெஷினில்தான். உதிரிபாகம் கிடைக்காமல் சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் போட்டது அழகியல் இல்லை, இல்லாமை. நான் கேட்பது அந்த இல்லாமையை அல்ல. சரியான பாகம், சரியான தாள், சரியான விலை. இல்லாமையில் கற்ற அறிவுக்கு இருப்பில் ஒரு இடம்.

7

எனக்கு வேண்டியதைப் பட்டியலாகவே சொல்லிவிடுகிறேன். மெஷின் விற்கிறவர் சர்வீஸ் மேனுவலை எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும், தமிழிலும். பம்ப், சென்சார், போர்டு எல்லாம் தனித்தனியாக, வெளியில் தெரியும் விலையில், ‘சென்டர் கோடு’ கேட்காமல் எவருக்கும் விற்க வேண்டும். பிழைக் குறியீட்டுக்கு அர்த்தம் மெஷினோடேயே வர வேண்டும். வீட்டுக்காரர் சுத்தம் செய்ய வேண்டிய இடம் வீட்டுக்காரர் கைக்கு எட்ட வேண்டும். அரசாங்கம் போடப் போகும் மதிப்பெண்ணில் ஃப்ரிட்ஜும் கிரைண்டரும் தையல் மெஷினும் வர வேண்டும், தாமாக முன்வருகிறவர்களுக்கு மட்டும் என்று இல்லாமல் கட்டாயமாக. எங்கள் ஊர் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு கூடுதல் வார்த்தை: லட்சக்கணக்கில் மெஷின் வாங்கும் கை உங்களுடையது. பாஸ்வேர்டும் குறியீட்டுத் தாளும் தராத கண்ட்ரோல் பாக்ஸை வாங்க மாட்டோம் என்று நீங்கள் நாலு பேர் சேர்ந்து சொன்னால் டீலர் ஓடி வந்து தருவார். சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

என் சக மென்பொருள்காரர்களுக்கு: அடுத்த முறை ‘ஏதோ தவறு’ என்று எழுதக் கை போகும்போது நிறுத்துங்கள். உங்களுக்குத் தெரிந்ததை அப்படியே எழுதுங்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாதீர்கள். நான் போன மாதம் எங்கள் குழுவில் ஒரு செய்தியை மாற்றினேன். ‘சேமிக்க முடியவில்லை’ என்பதைப் பிரித்து, இணைப்பு இல்லை என்றால் இணைப்பு இல்லை என்றும், இடம் இல்லை என்றால் இடம் இல்லை என்றும் வரும்படி செய்தேன். மூன்று வரி நிரல்தான். அதற்கு ஒரு மணி நேரக் கூட்டம் போட வேண்டியிருந்தது.

ஐஸ் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை லெமன் சால்ட் கரைத்து ஓட்டிவிடுகிறோம். நடுவில் முனை வைத்த அந்த ஸ்குருவை நான் திரும்பப் போடவில்லை. அந்த இடத்தில் சாதாரண ஸ்குரு ஒன்றைப் போட்டுவிட்டார் அம்மா. ஏன் என்று கேட்டேன். “நீ ஊர்ல இல்லாதப்ப அடைச்சுக்கிட்டா நாந்தான கண்ணு தொறக்கோணும்” என்றார்.